அடித்தல் திருத்தல் இல்லாத அண்ணன்

என் அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். டிப்போவில் அவனுக்குப் பட்டப்பெயர் 'அச்சு'. வேலை முடிந்ததும் டிரைவர்கள் எழுதிக் கொடுக்கும் டிரிப் ஷீட்டை இவன் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். அந்த டிப்போவில் ஒரு பழக்கம் உண்டு. ஷீட்டில் ஓரிடத்தில் அடித்து எழுதினாலும் கண்ட்ரோலர் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, விளக்கம் எழுதி வாங்கி, அவரவர் பைலில் கோத்துவிடுவார். பதவி உயர்வு என்று வந்தால் முதலில் அந்த வட்டங்களைத்தான் பார்ப்பார்கள். அண்ணன் பைலில் ஒரு வட்டம்கூடக் கிடையாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, நான் ஏன் மறைக்கவேண்டும்? வீட்டுச் சாமான் எழுதச் சொன்னால்கூட அவன் யோசித்து யோசித்து எழுதுவதற்குள் கடையை மூடிவிடுவார்கள்.

அவனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. டாக்டர்களிடம் அலைந்து ஓய்ந்த பிறகு தத்தெடுக்க மனுப் போட்டார்கள். வருஷக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ஒரு பெண் குழந்தையைக் காட்டினார்கள். மூன்று வயது. பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே அண்ணி உள்ளறையில் சின்னக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டாள். இனி ஒன்றுதான் பாக்கி. குழந்தைநல அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து, வருமானக் காகிதங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அதில் ஏதாவது இடறினால் குழந்தை வரிசையில் அடுத்து நிற்பவர்களுக்குப் போய்விடும்.

இந்த நேரம் பார்த்துத்தானா டிப்போ ஆபீஸ் சொதப்பவேண்டும்! விடுமுறை நாளில் பஸ் ஓட்டியதற்கான கூடுதல் சம்பளத்தைச் சேர்க்காமலே எல்லோருக்கும் வருடாந்திரச் சம்பளச் சான்று கொடுத்துவிட்டார்கள். அதை வைத்து ஆட்கள் வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்துவிட்டார்கள். பிறகு சாவகாசமாக முழித்துக்கொண்டு திருத்திய சான்று ஒன்றைக் கொடுத்து, ஏற்கெனவே தாக்கல் செய்தவர்கள் திருத்திய கணக்கையும் தாக்கல் செய்யுங்கள் என்று ஒரு கடிதம் வைத்தார்கள். என்னுடையது டிப்போ வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. அந்த வாரம் காக்கிச்சட்டைகள் கடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்து, ஆபீஸைத் திட்டிக்கொண்டே நகல் எடுத்துப் போனார்கள். முதல் கணக்குக்குத் திரும்பி வந்த வரிப்பணத்தில் ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்ட கண்டக்டரிடம், ஃப்ரிட்ஜில் பாதியைக் கொண்டுபோய் வரி ஆபீஸில் வையுங்கள் என்றேன். முறைத்தார்.

எல்லோரும் வந்து போனபின் அண்ணன் வந்தான், அதிகாரிக்குக் கொடுக்கவேண்டிய காகிதங்களோடு. ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடிமேல் அவன் வைத்தது பழைய சான்று.

புதுசு எங்கே என்று கேட்டேன். மிஷின் மூடியைத் தானே இறக்கினான். நான் விடவில்லை.

"திருத்தின கணக்குன்னு போய் நின்னா, முதல்ல குடுத்தது பொய்னு ஆயிடாதா? பொய்க்கணக்கு எழுதறவன் வீட்டுக்குப் புள்ளையக் குடுப்பாங்களா?" என்றான்.

"தப்புப் பண்ணது ஆபீஸ்ண்ணே. உனக்கென்ன வந்துச்சு?"

"வட்டம் என் பைல்லதானே விழும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மிஷினையே தூக்கிப் போட்டிருப்பேன். உன் டிப்போ வேறே, வரி ஆபீஸ் வேறே, அங்கே திருத்துவதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது என்று தொண்டை வறளக் கத்தினேன். மசியவில்லை. அண்ணியிடம் சொல்லிவிடுவேன் என்றேன். சொன்னால் அவள் தூங்கமாட்டாள் என்றான். அது உண்மை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அதிகாரி வந்த அன்று நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஒல்லியான அம்மாள். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தார். மருந்து டப்பா குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். காகிதங்களைப் புரட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேனாவைத் திறந்தவர், எல்லோரிடமும் வழக்கமாகக் கேட்பதுதான் என்று சொல்லி அண்ணனிடம் ஒன்று கேட்டார்.

"குழந்தை ஏதோ தப்புப் பண்ணிட்டு, பயந்து உங்ககிட்ட மறைக்குதுன்னு வச்சுக்குங்க. என்ன செய்வீங்க?"

அண்ணன் வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போனான். சின்னக் கட்டிலின் மெத்தையைத் தூக்கி, அடியிலிருந்த காகிதத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தான்.

"இதுதாங்க சரியான சான்று. பயந்துக்கிட்டு மறைச்சுட்டேன்."

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி இரண்டு சான்றுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. பேனாவை மூடினார். திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து, ஏற்றுக்கொண்டதற்கான தாள் வந்தால்தான் கையெழுத்துப் போட முடியும் என்றார். அதே குழந்தையை வேறு ஒரு தம்பதியும் கேட்டுக்கொண்டிருப்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வரி ஆபீஸ் கதவு திறக்குமுன் அண்ணன் அங்கே நின்றான். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் கணக்கைத் தட்டிவிட்டு, மீதி வரியை வாங்கிக்கொண்டார். இதனால் எனக்குக் கெட்ட பெயர் வருமா என்று இவன் கேட்டிருக்கிறான். உங்கள் டிப்போவில் பாதிப்பேர் வந்து போயாகிவிட்டது, நீங்கள் யார் என்றே எனக்குத் தெரியாது, அடுத்த ஆளுக்கு வழிவிடுங்கள் என்றாராம். இவ்வளவுதான் விஷயம்! இதற்காகவா ஒரு மனுஷன் செத்துச் செத்துப் பிழைத்தான்? ஆனால் தாள் வரும்வரை அந்த வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமுடியவில்லை. அண்ணி அவனைத் திட்டாமல் இருந்ததுதான் கொடுமை. பாவம், அவன் பாதி ஆளாகிவிட்டான்.

தாள் வந்தது. கையெழுத்தும் ஆனது. குழந்தையைக் கூட்டிவர அது இருந்த குழந்தைகள் இல்லத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். அந்த அதிகாரியும் அங்கே இருந்தார். மனசு கேட்காமல் அவரைத் தனியாக ஓரம்கட்டி, அன்றைக்கு எங்கள் அண்ணன்மேல் கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

"அந்தக் கேள்விக்கு எல்லாருமே நல்லா பதில் சொல்லுவாங்கம்மா. அன்பா எடுத்துச் சொல்லுவோம்பாங்க, மடியில உக்கார வைப்போம்பாங்க. பதில் சொல்ல முடியாம எந்திரிச்சுப் போனவர் இவர் ஒருத்தர்தான்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் படியில் மண்டியிட்டு, குழந்தைக்குப் புதுச் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். பார்க்கப் போனபோதெல்லாம் அவனை 'பஸ்ஸு' என்றுதான் அது கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இப்போது தன் காலையே குனிந்து பார்த்தது.

"தப்பா போட்டுட்டே, அப்பா" என்றது.

அண்ணன் அதன் முகத்தைப் பார்த்தான். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. இரண்டு செருப்பையும் கழற்றி, வலது இடது பார்த்து மறுபடி மாட்டினான்.