எக்ஸுக்கு ஒரு குரல்

கணக்கு வாத்தியார் தொழில்ல இருக்கற ஒரே சவுகரியம், நாம வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே எதிர்ல இருக்கறவங்க பயந்துடுவாங்க. நான் அல்ஜீப்ரா சொல்லித்தர்றவன்னு சொன்னதுமே பாருங்க, உங்கள்ல பாதிப்பேர் பழைய வகுப்பு ஞாபகம் வந்து வாசல் எந்தப் பக்கம்னு பார்க்கறீங்க. மீதிப்பேர், "இந்த ஆளு எக்ஸைத் தேடின ஜோக் சொல்லுவான், சிரிச்சு வைப்போம்"னு தயாரா இருக்கீங்க. ரெண்டும் கிடையாதுங்க.

அஸ்தம்பட்டியில ஒரு டயர்க் கடைக்கு மேல மாடியில சாயங்கால வகுப்பு. வர்றவங்க எல்லாம் நம்மள மாதிரி அடிபட்ட ஜாதி. பத்தாவதுல கணக்கு மட்டும் நின்னுபோய், இந்த வயசுல தனியா பரீட்சை எழுதறவங்க. வார்த்தையில சொன்னதை எக்ஸ் போட்டு எழுதறதுதான் முதல் பாடம். "ஒரு எண்ணோட அஞ்சைக் கூட்டு"ன்னா எக்ஸ் பிளஸ் அஞ்சு. அவ்வளவுதான். அந்த அவ்வளவுலதான் எல்லாரும் கவுந்திருந்தாங்க.

எனக்கு யாரைப் பார்த்தாலும் அவங்க மாதிரியே பேசிக் காட்டற கெட்ட பழக்கம் ஒண்ணு உண்டு. அதை வகுப்புக்கும் கொண்டாந்துட்டேன். கூட்டலுக்கு டவுன்பஸ் கண்டக்டர் குரல். கழித்தலுக்கு உழவர் சந்தையில பேரம் பேசற அம்மா. மடங்குக்கு எங்க மாமியார். அவங்க எதையும் உள்ளபடி சொன்னதில்ல. கீழ டீக்கடை முருகேசன் டீ கொண்டாந்தா, குரலைக் கேக்கறதுக்குன்னே டம்ளரோட வாசல்ல நின்னுடுவாரு.

ஆழம் தெரியாத எண்

பழனிசாமி திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் ரிக் வண்டியில ஆபரேட்டர். சூப்பர்வைசர் ஆக்கணும்னா பத்தாவது சர்டிபிகேட் கொண்டான்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. "ஒரு எண்ணை எக்ஸ்னு வெச்சுக்கங்க"ன்னேன். பேனாவைக் கீழ வெச்சுட்டு எந்த எண்ணுன்னு கேட்டாரு. எதுவா வேணாலும் இருக்கலாம்னேன். மனுஷன் மூஞ்சியில, முகவரி தெரியாத வீட்டுக்கு வண்டி எடுத்துட்டுக் கிளம்பின மாதிரி ஒரு கவலை.

சரி, இவரு பாஷையிலயே போவோம்னு, "போர் போடறப்போ தண்ணி எத்தனை அடியில வரும்னு தெரியுமா?"ன்னேன். தெரியாதுன்னாரு. "தெரியாமதான குழாயை இறக்கறீங்க? அந்த ஆழம்தான் எக்ஸ்." எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கணும்போல இருந்துச்சு. அவரு நிதானமா யோசிச்சுட்டுச் சொன்னாரு:

"அதுக்குத்தானுங்க சார், கையில தேங்காய வெச்சுத் தண்ணி இருக்கற பாயிண்ட் பாக்கற ஆளை முன்னாடியே கூட்டிட்டுப் போயிருவோம். கணக்குல அப்படி ஆளு யாரும் இல்லீங்களா?"

பேர் சொல்லாத ஆளு

சாந்தியம்மா அயோத்தியாப்பட்டணம். சத்துணவுக் கூடத்துல சமையல் வேலை. பெரிய பெரிய அண்டாவா தூக்கித் தூக்கி முதுகு போயிடுச்சு. இனிமே பாரம் தூக்கினா படுக்கைதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அமைப்பாளர் வேலைன்னா உக்கார்ந்து பார்க்கலாம். அதுக்குப் பத்தாவது வேணும். எல்லாப் பாடமும் பாஸ், கணக்கு மட்டும் பாக்கி. அவங்களுக்கும் நாற்காலிக்கும் நடுவுல இந்த எக்ஸ் நின்னுச்சு.

ஒரு நாள், "உங்க வீட்டுக்காரர் வயசு எக்ஸ். உங்களுக்கு அவரை விட நாலு வயசு கம்மி. எழுதுங்க"ன்னேன். நான் சாக்பீஸை எடுக்கறதுக்குள்ள எக்ஸ் மைனஸ் நாலுன்னு எழுதிக் காட்டிட்டாங்க. எப்படிம்மா இவ்வளவு சுளுவா வந்துச்சுன்னு கேட்டேன்.

"கல்யாணமானதுலருந்து அவரு பேரை நான் சொன்னதே இல்ல சார். அவங்க வந்தாங்க, அவங்க சாப்பிட்டாங்கன்னே குடும்பம் நடத்திட்டேன். எக்ஸும் ஒரு அவங்கதான்."

அன்னைக்கிலருந்து எங்க வகுப்புல யாரும் எக்ஸ்னு சொல்றதில்ல. "அவங்க பிளஸ் அஞ்சு", "அவங்கள்ல பாதி." பாடம் மரியாதையா நடந்துச்சு.

பர்வீன் அக்காவோட ஆட்சேபணை

பர்வீன் அக்கா வீட்ல செவ்வாய்பேட்டையில கொலுசுக் கடை. கல்லாவுல உக்கார்ந்து பழகின கை, சும்மா எதையும் ஒத்துக்காது. "தாயின் வயது மகளின் வயதைப் போல் இரண்டு மடங்கு"ன்னு ஒரு கேள்வி. மகளுக்கு எக்ஸ்னா தாய்க்கு ரெண்டு எக்ஸ். எல்லாரும் எழுதியாச்சு, அக்கா நோட்டு மட்டும் காலி. ஏன்க்கான்னு கேட்டா, அடுத்த வருஷம் மகளுக்கு ஒரு வயசு ஏறினா தாய்க்கு ரெண்டு ஏறுமான்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. ஏறாதுக்கா, அப்புறம் மடங்கு மாறிடும், இது இந்த வருஷக் கணக்குன்னு விளக்கினேன்.

"அப்ப இந்த வருஷத்துக்கு மட்டும்னு கேள்வியில எழுதச் சொல்லுங்க தம்பி. நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

கயிறு

"ஒரு எண்ணுடன் மூன்றைக் கூட்டி, வரும் தொகையை இரண்டு மடங்காக்கு." இதுல கவுந்து விழாத ஆளு கிடையாது. எக்ஸையும் மூணையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டு, வெளிய ரெண்டு போடணும். எல்லாரும் ரெண்டு எக்ஸ் பிளஸ் மூணுன்னு எழுதி, மூணை நடுரோட்டுல விட்டுடுவாங்க.

நான் லாரி கிளீனர் ஆயிட்டேன். பலகையைத் தட்டி, "போலாம் ரைட்... அண்ணே, நிறுத்து நிறுத்து, லோடுக்குக் கயிறு கட்டல, மூணு கீழ விழுந்துடுச்சு." வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அதுக்கப்புறம் நான் பலகையைத் தட்டினாப் போதும், சாந்தியம்மா முதல் ஆளா அடைப்புக்குறி போட்டுடுவாங்க. இவங்க பாஸ்னு நானே மனசுல முடிவு பண்ணிட்டேன்.

பரீட்சை நெருங்கறப்போ ஒரு மாதிரித் தேர்வு வெச்சேன். நான் வாயைத் தொறக்கல. சாந்தியம்மா கேள்வித்தாளைப் பார்த்தாங்க, என் வாயைப் பார்த்தாங்க, மறுபடி தாளைப் பார்த்தாங்க. திருப்பிக் கொடுத்தப்போ முக்கால்வாசி வெள்ளை. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"நீங்க சொன்னா எல்லாம் வருது சார். இதைப் பார்த்தா யாருமே பேச மாட்டேங்கறாங்க."

தொண்டை

எனக்குப் பொறுக்கல. இன்னும் நல்லா நடிச்சா ஏறிடும்னு, மறுநாளிலருந்து கண்டக்டர், கிளீனர், மாமியார்னு எல்லாரையும் சேர்த்து இறக்கினேன். ஒரே வாரம். தொண்டை பொசுக்குன்னு அடைச்சுப்போச்சு. பரீட்சை முடியற வரைக்கும் பேசக்கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. கேள்வியைப் பலகையில எழுதிட்டு மூலையில போய் உக்கார்ந்துக்குவேன்.

முதல் நாள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் பழனிசாமி எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. பர்வீன் அக்கா ஆட்சேபணை பண்ணினாங்க. சாந்தியம்மா எந்திரிச்சுப் போய், "மூணை வெளிய விட்டுட்டீங்களே, அதுக்கு யாரு சோறு போடறது?"ன்னு சத்துணவுப் பிள்ளைங்களை அதட்டற குரல்லயே அதட்டி, தானே அடைப்புக்குறி போட்டாங்க. பரீட்சை வரைக்கும் தெனமும் இந்தச் சண்டைதான். நான் தலையாட்டறதோட சரி.

ரிசல்ட் வந்துச்சு. பழனிசாமி இன்னொரு தடவை எழுதணும். பர்வீன் அக்கா பாஸ். சாந்தியம்மா பாஸ், அமைப்பாளர் வேலைக்கு எழுதிப் போட்டுட்டு, நேரா லட்டு டப்பாவோட மாடியேறி வந்தாங்க. எனக்கும் குரல் திரும்பியிருந்துச்சு. அந்தக் கயிறு கணக்கு பரீட்சையில வந்ததைக் கிளீனர் குரல்ல நடிச்சுக் காட்டிட்டிருந்தேன். எல்லாம் தம்பியோட மிமிக்ரியால வந்ததுன்னு பர்வீன் அக்கா சொல்ல, நானும் அடக்கமாத் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். வாசல்ல டீ டம்ளரோட நின்ன முருகேசன் குறுக்க விழுந்தாரு:

"என்னக்கா பேசறீங்க? சாருக்குத் தொண்டை கட்டினப்புறம்தான நீங்கள்லாம் கணக்கே போட்டீங்க."

அதை அல்ஜீப்ராவுல எழுதிப் பார்த்துட்டேங்க, எப்படி எழுதினாலும் எனக்கு முன்னாடி மைனஸ்தான் வருது.