டைம் கீப்பர் பாய் கேட்ட மூன்று நாள்

ஒட்டன்சத்திரத்துக்கு இந்தப் பக்கம், எதிரே வந்த எங்கள் கம்பெனி பஸ் நான் ஏறியிருந்த வண்டியின் பக்கத்தில் வந்து நின்றது. எதிரெதிர் வண்டிகள் நின்று, டிரைவர்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வது எங்கள் ரோட்டு வழக்கம். நான் டிக்கெட் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். "ஏனுங்க செக்கர், சேதி தெரியுங்களா? நம்ம டைம் கீப்பர் பாய் காலையில போயிட்டாருங்க" என்றார் அந்த டிரைவர். எனக்குத் துக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "என்னய்யா உளர்றே? இன்னைக்கு அவருக்கு நீலம்யா!" என்று கத்தினேன்.

வண்டியிலிருந்த சனங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு விளங்கும். விளங்காதவர்களுக்காகவும் சேர்த்து எழுதித் தரும்படி எங்கள் தொழிலாளர் சங்கத்தார் கேட்டதால் எழுதுகிறேன்.

காதர் மைதீன் பாய் திண்டுக்கல் நாகல் நகர்க்காரர். நாடு விடுதலையாகி ஆறேழு வருடம் கழித்து, தோல் மண்டி வேலையை விட்டுவிட்டு எங்கள் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பராக வந்தார். எந்த டிரைவர் எந்த லைனில் ஓடவேண்டும், எந்தக் கண்டக்டருக்கு என்றைக்கு ஓய்வு என்று மாதம் முழுவதற்கும் டூட்டி சார்ட் எழுதுவது அவர் பொறுப்பு. ஒரு முனை சிவப்பும் ஒரு முனை நீலமுமாக ஒரு பென்சில் உண்டே, அது எப்போதும் அவர் காதில் இருக்கும். வேலை நாளுக்கு நீலக் கோடு, ஓய்வு நாளுக்குச் சிவப்பு. பெண்சாதிக்குப் பிரசவம், கீரனூரில் நெல் அறுப்பு, மச்சினன் கல்யாணம் எல்லாம் அவர் நினைவில் இருக்கும். கேட்காமலே சிவப்பு விழும். "தூக்கம் பத்தாதவன் கையில அம்பது உசுரைக் கொடுக்கலாமா செக்கரே?" என்பார்.

நயா பைசா வந்த வருடம், கண்டக்டர்கள் அணாவுக்கும் பைசாவுக்கும் நடுவே அல்லாடிக்கொண்டிருந்தபோது பாய் வெளுக்கத் தொடங்கினார். ஆபீஸ் படி ஏறினால் மூச்சு வாங்கியது. மதுரையில் சோதித்துப் பார்த்து, உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே ஊறவைக்கவில்லை என்றார்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறை பாட்டிலில் ரத்தம் ஏற்றிக்கொள்வதுதான் வழி. கொடுப்பதற்கு ஆளையும் கூட்டி வரவேண்டும்.

முதலில் டிரைவர்கள் பயந்தார்கள். ரத்தம் கொடுத்தால் ஸ்டியரிங் ஒடிக்கத் தெம்பிருக்காது என்று ஒரு பேச்சு கிளம்பியது. நத்தம் லைன் சுப்பையாதான் முதலில் துணிந்தார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்து மொத்தம் எட்டுப் பேர் ஆனார்கள். கொடுத்தவருக்கு மறுநாள் தவறாமல் சிவப்புக் கோடு போட்டார் பாய். "என் உடம்புக்குள்ள நத்தம் லைனும் பழனி லைனும் ஒண்ணா ஓடுது. ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்கணும், அம்புட்டுதான்" என்று சிரிப்பார்.

என் ரத்தம் அவருக்குச் சேரவில்லை. அது எனக்குப் பெரிய குறை. ரத்தம்தான் கொடுக்க முடியவில்லை, ஓய்வையாவது கொடுப்போம் என்று முதலாளியிடம் நடையாய் நடந்து, பாய்க்கு மாதம் மூன்று நாள் சம்பளத்தோடு லீவு வாங்கினேன். வாங்கியதோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். அந்த மூன்று நாளை எப்போது எடுக்கவேண்டும் என்றும் நானே முடிவு செய்தேன். மதுரையிலிருந்து திரும்பிய மறுநாளிலிருந்து மூன்று நாள். ரத்தம் ஏற்றி வந்தவர் படுக்கவேண்டாமா?

"பெருமாளு, நான் சொல்றதைச் செத்த நேரம் கேளுங்க" என்றார் பாய். "ரத்தம் ஏத்துன மறுநாள் நான் வேலைக்காரன். நாலாவது வாரக் கடைசியிலதான் நோயாளி. அந்த மூணு நாளை அங்க போடுங்க."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது பாய். போய்ப் படுங்க" என்றேன்.

ஒருமுறை அப்படி நான் அனுப்பிவைத்த லீவு நாளில், ஆயக்குடி கொய்யாப்பழம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பாய் ஏணி மேல் நின்று சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. முதலாளி காலில் விழாத குறையாக வாங்கிக் கொடுத்த ஓய்வை இப்படியா பாழாக்குவது என்று வாசலிலேயே சத்தம் போட்டேன். அவர் மனைவி மைமூன் உள்ளேயிருந்து வந்தார். "அண்ணே, இந்த மூணு நாளும் அவுகளைப் பிடிச்சு உக்கார வைக்க முடியல. பரண்ல ஏறி இறங்குறாக, தேங்கா உரிக்கிறாக. மாசக் கடைசியில சோத்தைப் பிசையக்கூட கை வரமாட்டேங்குது, அன்னைக்கு நீங்க வந்து ஆபீசுக்கு இழுத்துட்டுப் போறீக" என்றார். கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். இருந்தும் பாயை ஏணியிலிருந்து இறக்கிப் படுக்கவைத்துவிட்டுத்தான் வந்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நாலைந்து வருடம் இப்படியே ஓடியது. பலம் இருந்த நாளில் அவரை வீட்டில் அடைத்தோம். பலம் போன நாளில் மேஜை முன்னால் உட்காரவைத்தோம். மாதக் கடைசியில் அவர் சார்ட் தாளின் மேலேயே தலையைச் சாய்த்துவிடுவதைப் பார்த்து, "லீவு கொடுத்தும் தேற மாட்டேங்கிறாரே" என்று உச்சுக் கொட்டினோம். கம்பெனியில் நூறு பேருடைய உடம்பும் தெரிந்து ஓய்வு எழுதியவர் அவர். அவருடைய ஒற்றை வரியை மட்டும் அவரை எழுதவிடவில்லை நாங்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

போன மாதத் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அவருக்கு ரத்தம் ஏற்றவேண்டிய முறை. பழனிக்கு நடந்து போகும் கூட்டம் திரும்பும்போது எங்கள் பஸ்களில்தான் திரும்பும். அத்தனை ஸ்பெஷல் வண்டிக்கும் ஆள் போட பாய் வேண்டும். "மதுரைக்குப் போயிட்டு வந்துடுறேன். வந்தா பூசம் முழுக்க நின்னு பார்ப்பேன்" என்றார். "போயிட்டு வந்தா மூணு நாள் படுக்கணுமே பாய். பூசம் முடியட்டும், நிம்மதியா ஏத்திக்கிட்டு நிம்மதியா படுங்க" என்று சொன்னது நான்தான். பாய் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து ஸ்பெஷல் வண்டிகளுக்குக் கோடு போடத் தொடங்கினார்.

பூசத்துக்கு மறுநாள் ஆபீஸ் படியில் விழுந்தார். தூக்கியபோது கனமே இல்லை. உதடு வெள்ளைத்தாளாக இருந்தது. அப்போதுதான், இத்தனை வருடம் கழித்து, எனக்கு உறைத்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சுப்பையாவையும் இன்னொரு டிரைவரையும் கூட்டிக்கொண்டு நானும் மதுரைக்குப் போனேன். இரண்டு பாட்டில் ஏறியதும் கண்ணில் வெளிச்சம் வந்தது. "பாய், இனிமே உங்க வரியை நீங்களே எழுதுங்க. யாரும் கை வைக்க மாட்டோம்" என்றேன். "எழுதித் தாரேன். அப்புறம் மாத்தக் கூடாது" என்று விரலை ஆட்டினார். மறுநாளே ஆபீசுக்கு வந்து புது சார்ட் எழுதினார். கடைசி வரி அவருடையது: ரத்தம் ஏற்றிய மறுநாளிலிருந்து வரிசையாக நீலம், நாலாம் வாரக் கடைசியில் மூன்று சிவப்பு. ஆறு நாள் சந்தோஷமாக வேலை பார்த்தார். ஏழாம் நாள் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டார்.

நோய்தான் கொண்டுபோனது, பூசத்துக்காக ரத்தம் ஏற்றுவதைத் தள்ளிப்போட்டதால் அல்ல என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அடக்கத்துக்கு ரத்தம் கொடுத்த எட்டு டிரைவர்களும் வந்து தோள் கொடுத்தார்கள். நானும் மற்றவர்களோடு மூன்று பிடி மண் போட்டேன். பிறகு வீட்டுக்குப் போனபோது மைமூன் கதவோரம் நின்று சொன்னார்: "அண்ணே, அவுக உங்க மேல கோவமே படல. 'செக்கருக்கு என் மேல அம்புட்டுப் பிரியம், அதான் காது கேக்கல'ன்னு சொல்லுவாக." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த சார்ட் இன்னும் ஆபீஸ் சுவரில்தான் இருக்கிறது. கடைசி வரியை அழித்துவிட்டு வேறு ஆள் பெயரை எழுதலாமா என்று மானேஜர் கேட்டார். கூடாது என்று சொல்லிவிட்டேன். இன்று காலை டூட்டிக்குக் கிளம்பும்போது அண்ணாந்து பார்த்தேன். முதல் சிவப்பு இன்றைக்குத்தான்.

படுங்க பாய். இன்னைக்கு உங்களைக் கூப்பிட யாரும் வரமாட்டோம்.