மெர்சிலின் அக்காவின் அற்பப் பாவங்கள்

“தேனுங்க, தேன்! வாயில போட்டா கரையும்” என்று சொல்லி முடித்ததும் மெர்சிலின் அக்காவின் வலது கை நெற்றிக்குப் போய் ஒரு சிலுவை போட்டுவிட்டு வரும். பிறகுதான் பலாப்பழம், வாங்குகிறவரின் பைக்குள் இறங்கும். என்ன பக்தி என்று அவர் நினைத்துக்கொள்வார். பழத்தின் லட்சணம் அக்காவுக்குத்தான் தெரியும்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில், புதூர்நாட்டு ஜீப்புகள் வந்து நிற்கும் இடத்தில் அக்காவின் கடை. கடை என்றால் ஒரு தார்ப்பாய், ஒரு கத்தி, பிசின் ஒட்டாமலிருக்கக் கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய். ஞானோபதேச வகுப்பில் படித்ததில் அக்காவுக்கு ரொம்பப் பிடித்த பாடம், பாவத்தில் இரண்டு வகை உண்டு என்பது. “சாவான பாவம் வேற, அற்பப் பாவம் வேறங்க. சாவானதுக்கு சாமியாராண்ட போயி முட்டி போடணும். அற்பமானதுக்கு மனசு வருந்தி ஒரு சிலுவ போட்டுக்கினா போதும்.” வியாபார நேரத்தில் வருந்த எங்கே நேரம்? சிலுவையோடு நிறுத்திக்கொள்வார்.

போன வருஷம் பங்குச் சாமியார் அற்புதராஜிடமே போய், “பலாப்பழ சீசன் வருது சாமி. சொல்லப்போற பொய்யெல்லாம் மொத்தமா இப்பவே மன்னிச்சிட்டீங்கன்னா தேவல” என்று கேட்டவர். சாமியார் சிரிப்பை அடக்க வெகுநேரம் இருமினாராம்.

இந்த வருஷம் வந்தது வினை. ரேணுகாதேவி டீச்சர் வெட்டிய பழத்தோடு திரும்பி வந்து, “சப்புன்னு கீது, இதுவா தேனு?” என்று சண்டைக்கு நின்றார். பழம் அக்கா வீட்டுத் தோட்டத்து மரத்தில் காய்த்தது. அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. “நான் இன்னா பண்றது டீச்சர்? மலையிலேர்ந்து பச்சையம்மா குடுத்த பழம். என்னையே ஏமாத்திட்டா.” உடனே சிலுவை.

பச்சையம்மா அக்காவுக்கு வருஷக்கணக்காகப் பழம் கொண்டுவருகிறவர். மத்தியானம் ஒரே தூக்குவாளிச் சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிடும் சிநேகிதி. டீச்சர் வாய் சும்மா இருக்குமா? “பச்சையம்மா பழமா, வேணாம்” என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது. சேதி மலையேறியது. அடுத்த சந்தையன்று பச்சையம்மா ஜீப்பிலிருந்து இறங்கி, தலைச்சுமையோடு அக்காவைத் திரும்பியும் பாராமல் போய்விட்டார். அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு அக்கா பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கே கேட்டதைச் சாமியார்தான் வெளியே சொல்லக் கூடாது. அக்காவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது; எல்லாவற்றையும் பக்கத்து வீட்டிலிருக்கும் என்னிடம் சொன்னார். புருஷனைத் திட்டியதற்கும் ஜெபமாலையில் தூங்கி விழுந்ததற்கும் நடுவே இதை நைசாகச் செருகியிருக்கிறார். சாமியார் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“மன்னிப்பு உண்டும்மா. ஆனா அந்தம்மாவோட நல்ல பேரைப் பறிச்சிட்டியே. எங்க பறிச்சியோ அங்கயே திருப்பிக் குடுக்கணும்.”

“அம்பது அருள் நிறைஞ்ச மரியே ஜெபம் சொல்லிடறேன் சாமி.”

“ஐந்நூறு சொன்னாலும் போன பேரு வராது.”

“அற்பப் பாவந்தான சாமி?”

“குடுத்துட்டு வந்து கேளு.”

சந்தையன்று நானும் அங்கிருந்தேன். டீச்சர் அந்தப் பக்கம் வந்ததும் அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு பழத்தைப் பிளந்து சுளையை நீட்டினார்.

“தின்னு பாருங்க. சப்புன்னு கீதா? அன்னிக்கு குடுத்ததும் இதே மரந்தான். எங்க வூட்டு மரம். பச்சையம்மா மேல நாந்தான் பழி போட்டேன்!”

ஜீப் ஸ்டாண்டே சிரித்தது. விலை பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் பழத்தைக் கீழே வைத்துவிட்டு நழுவினார்கள். அக்காவின் முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சற்றுத் தள்ளி, அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கிய பச்சையம்மா எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தார்.

அவர் நேரே கடைக்கு முன்னால் வந்து, சுமையை இறக்கச் சொல்வதுபோல் லேசாகக் குனிந்தார். அக்கா பிசின் கையை அவசரமாகப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் உயர்த்தினார்.