தலைவருக்குத் தமிழில் பேசியவன்

மும்பையில் இருக்கும் தமிழர்களில் என் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. குக்கர் விளம்பரம், தலைவலித் தைலம், வங்கிக்கு ஃபோன் போட்டால் தமிழுக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று சொல்கிற ஆள், எல்லாம் நான்தான். முகம்தான் யாருக்கும் தெரியாது. தாராவியில் பிறந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். என்னோடு தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களில் பலருக்கு இன்று தமிழ் எழுத்து கூட்டித்தான் வரும். எனக்குத் தடங்கலில்லாமல் வந்தது. அதனால் இந்தப் பிழைப்பு. இப்போது செம்பூரில் வாடகை வீடு.

அரசியல் பேச்சுகளுக்கும் குரல் கொடுத்திருக்கிறேன். தலைவர் இந்தியில் பேசியதைத் தமிழில் எழுதிக் கொடுப்பார்கள். ஹெட்போனில் அவர் ஓட, அவர் பின்னாலேயே நான் ஓட வேண்டும். தண்ணீர்க் குழாய், முதியோர் பென்ஷன், பாலம் என்று வந்தவரை அது எனக்குக் குக்கர் விளம்பரம் மாதிரிதான் இருந்தது. பிறகு ஒரு தேர்தலின்போது ஸ்டூடியோவுக்குப் போனேன். ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் மராட்டிப் பெண் காகிதத்தைக் கையில் கொடுத்து, இந்தத் தடவை பூராவும் நாட்டுப் பாதுகாப்புதான் என்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. திரையில் ஓடும் ஒலிக்கோடுகளைப் பார்த்து ஏற்ற இறக்கம் சொல்வாள்.

கூட்டத்தில் நிற்பவர்கள் ஒரு பேச்சை ஒரு தடவை கேட்பார்கள். நான் வாக்கியம் வாக்கியமாக நிறுத்திக் கேட்டவன். அதனால் அவர் எங்கே என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரிந்துபோனது. எல்லையில் ஆரம்பிக்க மாட்டார். வீட்டில் ஆரம்பிப்பார். காலையில் கதவைப் பூட்டினீர்களா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று சொந்தக்காரர் மாதிரி விசாரிப்பார். அப்புறம்தான் பனிமலை, அங்கே நிற்கும் சிப்பாய், அவன் அம்மா. குரல் ஏறும். கைதட்டல் வரும். கைதட்டல் அடங்கியதும் மறுபடி நம் தெருவுக்கு வந்துவிடுவார், ஆனால் இப்போது குரல் தாழ்ந்திருக்கும்.

"எதிரி எல்லையில மட்டும் இல்ல. உங்க தெருவுலயும் இருக்கலாம். சிரிச்சுப் பேசலாம். உங்க பிள்ளையோட பேரு கூட அவனுக்குத் தெரிஞ்சிருக்கலாம்."

இதற்குப் பிறகு அவர் எதுவும் பேசாமல் நிற்பார். ஒரு மதத்தையோ ஊரையோ ஆளையோ சொல்ல மாட்டார். நான் அவசரப்பட்டு அடுத்த வரிக்குப் போனபோது அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த இடைவெளியை விடுங்கள், அதுதான் முக்கியம் என்றாள். அவர் யாரைச் சொல்கிறார் என்று கேட்டேன். கேட்கிறவர்கள் யாரை நினைக்கிறார்களோ அவர்களை என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஹம்' என்றார். இந்தியில் அந்த ஒரு சொல் போதும். கேட்கிறவனையும் சேர்த்தா, அவனை விட்டுவிட்டா என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழில் தப்பிக்க முடியாது. நாம் என்றால் நீயும் உண்டு, நாங்கள் என்றால் நீ இல்லை. எழுதிக் கொடுத்தவர் எல்லா இடத்திலும் நாம் என்றே போட்டிருந்தார். நாம் விழித்திருப்போம், நாம் அவர்களை விட மாட்டோம். நானும் அப்படியே வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போனவன் என் சிநேகிதன். ஒன்றாகப் படித்தவன். அவன் குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம்தான். வாப்பா காலத்திலேயே, மான்குர்த்துக்குப் பக்கத்தில் சீத்தா கேம்ப் குடியிருப்பில் வீடு. பழைய வேன் ஒன்றை வாங்கி மஞ்சள் பட்டை அடித்து, செம்பூரில் வீடு வீடாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளை அவனுக்குப் பேசி ஏற்பாடு செய்து கொடுத்தவன் நான். எந்தப் பிள்ளை வளைவில் திரும்பினால் வாந்தி எடுக்கும், எது தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு வரும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. வாசலில் வேனை நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்க மாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிடுவான். மேலே மூன்றாவது மாடிவரை கேட்கும்.

அந்தப் பேச்சு எங்கள் கட்டட வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. யாரோ கும்பிடும் கை போட்டார்கள். தமிழ் தெரிந்தவர்கள், இது நம்ம சார் குரல்தானே என்று என்னைப் பாராட்டினார்கள். அந்த வாரமே மூன்றாம் மாடி அம்மாள் தன் மகளை இனி ஸ்கூட்டரில் தானே விடப்போவதாகச் சொன்னாள். இன்னொருவர் பையனுக்குக் காலையில் கராத்தே வகுப்பு என்றார். யாரும் முகத்துக்கு நேரே வேறு எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். செயலாளர் மட்டும், புது விதி, வேன் கேட்டுக்கு வெளியே நிற்கட்டும், கீழே நின்று பிள்ளைகளின் பெயரைக் கத்த வேண்டாம் என்றார்.

ஒரு மத்தியானம் சிநேகிதன் கூப்பிட்டான். மான்குர்த் ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். நான் உட்கார்ந்ததும் மொபைலில் அந்தப் பேச்சைப் போட்டான். பிள்ளையின் பெயர் தெரிந்திருக்கலாம் என்ற இடம் வந்தது. இடைவெளி வந்தது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏல, இது நீதான?"

நான்தான் என்றேன். எழுதிக் கொடுத்ததை வாசித்தேன், உன்னை நினைத்து யாரும் எழுதவில்லை என்றேன்.

"என்னய நினைக்கலதான். அது எனக்குத் தெரியும்லா" என்றான். "நாம நாமங்குத. அதுல நான் உண்டுமா இல்லியா, அத மட்டும் சொல்லு."

பள்ளி நாடகத்தில் எனக்கு வசனம் மறந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தவன் அவன். இப்போது அவன் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் டீக்குக் காசு எடுத்து வைத்தேன். கிளம்பும்போது, வேனில் இப்போது இரண்டே பிள்ளைகள்தான் வருகிறார்கள் என்றும், அவர்களும் முன்சீட்டில் உட்கார வேண்டாம் என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள் என்றும் சொன்னான்.

அடுத்த பேச்சுக்கு ஸ்டூடியோவிலிருந்து அழைத்தபோது முடியாது என்றேன். காரணம் கேட்பார்கள், கெஞ்சுவார்கள் என்று பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பெண் பரவாயில்லை சார் என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்று நிம்மதியாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து என் மனைவி சமையலறையிலிருந்து மொபைலோடு வந்தாள்.

"இத எப்பங்க பேசுனீங்க? போறதில்லன்னு சொன்னீங்களே."

நான் வாங்கிக் கேட்டேன். அதே தலைவர், புதுப் பேச்சு. என் குரல். என் 'ழ', வாக்கிய முடிவில் நான் கொஞ்சம் இழுப்பது, எல்லாம் இருந்தன. இந்தத் தடவை பேச்சில் இடைவெளி இல்லை. உங்கள் பக்கத்தில் இருக்கும் குடியிருப்புகளைப் பாருங்கள் என்று சொல்லி, சீத்தா கேம்ப்பையும் மான்குர்த்தையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது அந்தக் குரல். மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். ஐந்தாறு தடவை கேட்ட பிறகுதான் எனக்கு எது உறுத்தியது என்று தெரிந்தது. அவன், அதாவது நான், தொடக்கம் முதல் கடைசிவரை மூச்சே எடுக்கவில்லை.

ஸ்டூடியோவுக்குப் போனேன். அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பழைய பதிவுகளே போதும் சார், பென்ஷன், தண்ணீர், பாலம் எல்லாம் சேர்த்தால் உங்கள் குரல் நிறைய இருக்கிறது என்றாள். எனக்குக் காட்டுவதற்காக இந்தியில் ஏதோ தட்டினாள். ஸ்பீக்கரில் நான், "வணக்கம், உட்காருங்க" என்றேன். அவள் அதை அன்பாகத்தான் செய்தாள். நான் உட்கார்ந்தேன்.

தலைவர் இதை எந்தக் கூட்டத்தில் பேசினார் என்று கேட்டேன். தெரியாது என்றாள். பேசினாரா இல்லையா என்று கேட்டேன். அவர் பேசக்கூடியதுதானே சார் என்றாள்.

மாதுங்காவில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார். கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார். வழக்குப் போடலாம், வருஷக்கணக்கில் நடக்கும் என்றார். ஆனால் நாட்டைப் பாதுகாக்கச் சொல்கிற குரல் என்னுடையது இல்லை என்று கோர்ட்டில் நின்று சொல்ல வேண்டியிருக்கும், அது எப்படிப் போய்ச் சேரும் என்று யோசித்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். நமக்கு எதுக்குங்க என்று அவள் சொல்லவில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சிநேகிதனுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. பல நாள் எடுக்கவில்லை. பஸ் பிடித்து சீத்தா கேம்ப்புக்கே போனேன். அவன் மனைவி கதவைச் சங்கிலி போட்டபடி கொஞ்சமாகத் திறந்து, வாங்கண்ணே என்று சொன்னாள், ஆனால் சங்கிலியை எடுக்க நேரமானது. அவன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வேனை விற்றுவிட்டான். வாஷி மார்க்கெட்டுக்குக் காய்கறி டெம்போ ஓட்டுகிறான். நான் பேசாமலே இயந்திரம் என் குரலில் பேசுவதை விளக்கினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான், நம்பவும் செய்தான் என்றுதான் நினைக்கிறேன்.

"போன் எடுக்காதது கோவத்துல இல்லல" என்றான். அவர்கள் வீட்டுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்ததாம். அவன் மனைவி எடுத்திருக்கிறாள். என் குரல் வணக்கம் சொல்லிவிட்டு, உங்கள் பகுதியில் சந்தேகப்படும்படி யாராவது இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும் என்றிருக்கிறது. நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்து, அண்ணே, நல்லா இருக்கியளா என்று கேட்டிருக்கிறாள். அது திரும்பவும் அதையே சொல்லியிருக்கிறது. தெருவில் எல்லா வீட்டுக்கும் அந்த அழைப்பு வந்தது. பல வீடுகளில் ஏதோ ஒரு எண்ணை அழுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் யாரைச் சொன்னார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

"இனிமே போன் போடாத. நேர்ல வா. நேர்ல வந்தா நீதான்னு தெரியும்" என்றான்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். அந்த டீக்கடையில் உட்காருவோம். மார்க்கெட் விலை, முழங்கால் வலி, டோம்பிவிலியில் வீடு பார்க்கும் அவன் மகள் என்று எதையாவது பேசுவோம். இருவருமே மெதுவாகத்தான் பேசுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் டீ சொன்னதும் அடுத்த பெஞ்சில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். சட்டைக் கையை நன்றாக மடித்துவிட்டிருந்தார், சொந்தக் கடை வைத்திருப்பவர் மாதிரி. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்தக் குரல் நீங்கதான? கேட்டதும் புடிச்சிட்டேன். என்னமா பேசுறீங்க."

நான் இல்லை என்றேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். என் சிநேகிதனைப் பார்த்தும் சிரித்தார், தள்ளி உட்காரச் சொல்லி எங்கள் நடுவில் உட்கார்ந்தார். பிறகு என் காதருகே குனிந்து தலைவரைப் போலவே குரலைத் தாழ்த்தினார்.

"எங்க சந்துலயும் ரெண்டு மூணு வீடு இருக்கு சார். யார்கிட்ட சொல்லணும்?"

நான் எனக்குத் தெரியாது என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். சிநேகிதன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, டெம்போவை எடுக்க வேண்டும் என்று இந்தியில் சொல்லி எழுந்தான். அவன் என்னோடு இந்தியில் பேசி நான் கேட்டதே இல்லை. ஸ்டேஷன் படிக்கட்டு வரை போய், திரும்பாமல், கூட்டத்துக்குள் இறங்கினான். அந்த ஆள் இன்னும் என் கையை விடவில்லை.