சர்க்கரை சரியாகத்தான் இருந்தது

ஓடி வந்தவள் போல எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் நான் ஆசிரியர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாளிலிருந்தே வாந்தி. அதைக்கூட வயிற்றுக்கோளாறு என்று ஒதுக்கிவிட்டேன். இந்த மூச்சை ஒதுக்க முடியவில்லை. மெதுவாக இழுத்துவிடப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்காமல் அது ஆழமாகவும் வேகமாகவும் தானே போய்க்கொண்டிருந்தது.

நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சில வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. என்னைப் போலவே சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, எடை குறைக்க 'கீட்டோ' உணவுமுறையில் (சோறு, ரொட்டி, மீ நூடுல்ஸ், கிழங்கு போன்ற மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டுக் கொழுப்பையும் புரதத்தையும் உண்பது) இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களைப் பயமுறுத்த விருப்பமில்லை. ஆனால் நான் பயந்ததை மறைத்துவிட்டு இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்த உணவுமுறையை எனக்குச் சொன்னவர் என் அண்ணி லெட்சுமி. பிரிஞ்சாங்கில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை கிடையாது. சில மாதங்களில் ஆளே மாறிப்போயிருந்தார். முட்டை, கோழி, தேங்காய்ப்பாலில் வேகவைத்த கீரை என்று எனக்கும் சேர்த்துச் சமைத்துக் கொடுத்தனுப்புவார். என் எடை இறங்கியது. காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரையும் இறங்கியிருந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் நான் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் ஒரு புது மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை. என்ன சாப்பிடுகிறேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பற்றி டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

தலைமையாசிரியர் ஃபோன் செய்ய, என் கணவர் குணா தான் வேலை செய்யும் ஃபேக்டரியிலிருந்து காடியோடு (காரோடு) வந்தார். வீட்டுக்குப் போய் முதலில் சர்க்கரை பார்த்தோம். எட்டு. எங்கள் நாட்டு அளவில் (மில்லிமோலில்) அது நல்ல எண்; மில்லிகிராம் கணக்கில் ஏறக்குறைய 144. அவர் முகம் தெளிந்தது.

"சுகர் நல்லாத்தான இருக்கு. காஸ்ட்ரிக்கா இருக்கும் லா. கொஞ்சம் படு."

நான் படுத்தேன். படுத்ததும் மூச்சு இன்னும் பெரிதானது. எழுந்து உட்கார்ந்துகொண்டு அவர் கையைப் பிடித்தேன். என் வாயிலிருந்து பழம் அழுகினாற்போல ஒரு வாடை வந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். காடிச் சாவியை எடுத்துவிட்டார்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது சின்ன வயது தமிழ் டாக்டர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "லங்ஸ் சுத்தமா இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆக்சிஜனும் சரியாக இருந்தது. சர்க்கரையும் சரி. பிறகு என் மூச்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், சோறு கடைசியா எப்ப சாப்ட்டீங்க?"

எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. குணாதான் சொன்னார். "சோறு தொட்டே ரெண்டு மாசமாச்சி டாக்டர். டயட்ல இருக்கா."

"சுகருக்கு என்ன மாத்திர?"

என் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைத் திருப்பிப் படித்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நர்ஸைக் கூப்பிட்டார். "மிஸ்ஸி, பிளட் கீட்டோன் எடுங்க. இப்பவே."

கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப்பொருள்) என் ரத்தத்தில் தாங்க முடியாத அளவுக்குச் சேர்ந்திருந்தது. மணிக்கட்டின் உள்ளே ஆழமாக ஊசி போட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். அந்த வலியை நான் விவரிக்கப் போவதில்லை. ரத்தம் அமிலமாகியிருந்தது. இதன் பெயர் கீட்டோ அமிலத்தேக்கம் (கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாவது). பொதுவாகச் சர்க்கரை மிக உயர்ந்தால்தான் இது வரும் என்று நினைப்போம். எனக்குச் சர்க்கரை ஏறாமலே வந்திருந்தது.

"அந்த மாத்திர சக்கரைய வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு. நீங்க மாவும் சாப்பிடல. வாந்தி வேற. ஒடம்புக்கு எரிக்கக் கொழுப்பத் தவிர ஒன்னும் இல்ல. மீட்டர்ல நல்ல நம்பர் காட்டுறதால யாருக்கும் சந்தேகமே வராது" என்றார் டாக்டர். "உள்ள சேந்த அமிலத்த வெளியேத்தத்தான் இந்த மூச்சு."

"செத்துருவேனா டாக்டர்?"

"கரெக்டான நேரத்துக்கு வந்திருக்கீங்க."

இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதையே நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீவிர சிகிச்சைக்கு மலைக்குக் கீழே இருக்கும் ஈப்போ நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஆம்புலன்ஸில் என்னைச் சாய்த்து உட்காரவைத்துக் கட்டினார்கள். குணா முன்னால் ஏறிக்கொண்டார். கம்போங் ராஜா ஊரைத் தாண்டியதும் பனி இறங்கியது. மண்சரிவு கண்ட ஓரிடத்தில் ஒரு பக்கப் பாதைதான் திறந்திருந்தது. எதிரே காய்கறி லோரிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. சைரன் அலறியும் வண்டி நகரவில்லை. சலைன் பை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. என் நாக்கு மரக்கட்டைபோல வறண்டு கிடந்தது.

"கண்ண மூடுங்க டீச்சர். நான் பாத்துக்கறேன்" என்றார் கூட வந்த மிஸ்ஸி.

"மூடினா மூச்சு நின்னுருமா?"

"நீங்க நிறுத்தணும்னாலும் ஒடம்பு விடாது."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ அது இன்னும் பயமாக இருந்தது. இத்தனை வருடம் என்னுடையது என்று நினைத்து, தட்டைக் காலிசெய்தும் தராசில் ஏற்றியும் அதிகாரம் செய்துவந்த உடம்பு, இப்போது என்னைக் கேட்காமல் ஏதோ ஒரு சண்டையில் இருந்தது. அது ஜெயிக்கிறதா தோற்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஈப்போவில் ஒரு கையில் இன்சுலின், மறு கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரைக்காரிக்குச் சர்க்கரைத் தண்ணீரா என்று பதறினேன். கீட்டோன் உண்டாவதை இன்சுலின்தான் நிறுத்தும். சர்க்கரை அதனால் அடியோடு இறங்கிவிடாமல் குளுக்கோஸ் காக்கும் என்று விளக்கினார்கள். பொட்டாசியத்தையும் (இதயத் துடிப்புக்குத் தேவையான உப்புச்சத்து) விடாமல் கவனித்தார்கள். விரல் நுனிகளில் குத்த இடமில்லாமல் போயிற்று.

மறுநாள் மூச்சு அடங்கத் தொடங்கியது. அதற்கும் பயந்தேன். இவ்வளவு மெதுவாகப் போகிறதே, முடியப்போகிறதோ என்று மணியை அடித்தேன். வந்த டாக்டர் என் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுதாம்மா சாதாரண மூச்சு. மறந்துட்டீங்க."

அன்று மாலை கஞ்சி வந்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். சாப்பிடப் பயம். சாப்பிடாமல் இருக்கவும் பயம். குணா கரண்டியை வாங்கி ஊட்டிவிட்டார்.

அந்த மாத்திரையை இனி எப்போதும் தொடக்கூடாது என்று நிபுணர் சொல்லிவிட்டார். மாத்திரையும் எல்லாருக்கும் கெட்டதல்ல, உணவுமுறையும் எல்லாருக்கும் கெட்டதல்ல, இரண்டும் ஒரே உடம்பில் சேரக்கூடாது என்றார். ஆகவே உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உணவை மாற்றுவதற்கு முன்னால் உங்கள் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வாந்தியோடு மூச்சும் வாங்கினால், மீட்டர் என்ன காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் வீடு திரும்பிய பிறகும் அண்ணி என்னைப் பார்க்க வரவில்லை. நானே அவர் கடைக்குப் போனேன். முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் நின்றிருந்தவர் என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு ஒத்துக்கிச்சி, ஒனக்கும் ஒத்துக்கும்னு நெனச்சேன் பரமு. எங்கையால சமைச்சித்தான..."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி? எனக்கே தெரியாது."

"இப்ப எனக்கும் பயமா இருக்கு. விட்டாலும் பயம், விடாட்டியும் பயம்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையைத் திருப்பி, மணிக்கட்டில் மஞ்சளாகிக்கொண்டிருந்த காயத்தைக் கட்டைவிரலால் தடவினார். இருவரும் ஒன்றாகக் கிளினிக்குக்குப் போவதென்று முடிவு செய்தோம்.

இறங்கின எடையில் பாதி திரும்பிவிட்டது. இப்போது ஒரு உணவியல் நிபுணர் சொன்னபடி, அளந்த சோறும் காய்களுமாக, மெதுவாகக் குறைக்கிறேன். முன்பெல்லாம் பணி ஓய்வு, மகள் கல்யாணம் என்று வருடங்களாக யோசிப்பேன். இப்போது ஒரு சாப்பாட்டிலிருந்து அடுத்த சாப்பாடு வரைதான் மனம் போகிறது. அதற்குள் ஒரு நாள் முடிந்துவிடுகிறது.

ஞாயிறு மதியங்களில் குணா எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பக்கம் திரும்பாது. நிமிர்ந்து பார்த்தால் அவர் கண் என் மார்பில் இருக்கும்.

"என்ன பாக்குறீங்க?"

"ஒன்னுமில்ல."

அப்போது நான் ஏதாவது பேசத் தொடங்குவேன். பள்ளியில் நடந்தது, மகள் ஃபோனில் சொன்னது, நாளைக்கு என்ன சமைப்பது, எதுவானாலும். இடையில் நிறுத்தாமல் நீளமாகப் பேசுவேன். அவர் காதில் அந்தப் பேச்சு விழுவதில்லை என்று எனக்குத் தெரியும். என் மூச்சைத்தான் கேட்கிறார். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் பேப்பரின் பக்கம் திரும்பும்.