டீச்சர் போட்ட முகம்

மஞ்சக்குட்டை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஜேசுதாஸின் மகள் தேவகுமாரி, ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் டிராயிங் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி ஊர் பேசி ஓய்ந்திருந்தது. நாற்பதை நெருங்கும் வயதில் சர்ச் உதவியோடு இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறாள் என்றதும் மறுபடி ஆரம்பித்தது. "இத்தன வருசமாப் படம் சொல்லிக் குடுத்தவளுக்கு இன்னும் என்னத்தப் படிக்கோணுமாம்?" என்று பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூட அவளிடமே கேட்கவில்லை.

அவள் படிக்கப் போனது ஓவியச் சிகிச்சை. மனம் உடைந்து பேச்சு வராமல் போனவர்களைப் படம் போட வைத்து, பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் வேலை. ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கான இரண்டு வருடப் படிப்பு. முதல் வருடம் அங்கே. இரண்டாம் வருடம், எந்த ஊரில் வேலை செய்யப் போகிறாளோ அங்கேயே பயிற்சி எடுத்து, ஒரு நோயாளியைப் பற்றி முழு அறிக்கை எழுதித் தேற வேண்டும். 1992இல் ஏற்காடு திரும்பினாள். மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் பெங்களூர் போய், மேற்பார்வை பார்த்த மனநல டாக்டரம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வருவாள்.

கன்னியர்கள் நடத்திய பெண்கள் இல்லத்தில் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். அங்கே வந்தவள்தான் பொன்னாயி, அதே மலையில் வாழவந்தி என்ற ஊர்க்காரி. சந்தைக்கு வந்த ஜீப் வளைவில் கவிழ்ந்தபோது மண்டையில் அடிபட்டு, சேலத்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தவள். கூட வந்த ஒரே மகள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். இவள் ஊர் திரும்புவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அப்புறம் பேச்சு குறைந்து குறைந்து ஒரு நாள் நின்றேபோனது. அண்ணன் கொண்டுவந்து இல்லத்தில் விட்டான்.

பல வாரம் பென்சிலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவள், ஐப்பசி மழையில் மலையே இருட்டிக் கிடந்த ஒரு மதியம், ஒரு சிறுமியைப் போட்டாள். பாவாடை, இரட்டைச் சடை, கையில் ஒரு பை. முகம் மட்டும் வெறும் வட்டம்.

இங்கேதான் தேவகுமாரியின் கை அவளைக் கெடுத்தது. டிராயிங் டீச்சருக்கு பெஞ்சு பெஞ்சாகப் போய், பிள்ளைகள் விட்டதைக் குனிந்து போட்டுக் கொடுத்தே பழக்கம். "அழகா இருக்குதுங்க பொன்னாயி. கண்ணு மூக்க உட்டுட்டீங்களே" என்று சொல்லிக்கொண்டே பென்சிலை வாங்கி முகத்தைப் போட்டு முடித்துவிட்டாள். பெரிய கண்கள், சிரித்த வாய். நோயாளியின் படத்தில் கை வைக்கக் கூடாது என்பதுதான் அந்தப் படிப்பின் முதல் பாடம். பழைய பழக்கத்துக்கு முன்னால் அந்தப் பாடம் நிற்கவில்லை.

பொன்னாயி படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சோறும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சிஸ்டர் சொன்னதையும் சேர்த்து, அந்த மாதம் பெங்களூரில் தேவகுமாரி சொன்னாள்.

"வேற ஒருத்தரை எடுத்துக்குங்க," என்றார் பெங்களூர் டாக்டரம்மா. "இவங்களையே நம்பிட்டிருந்தா நீங்க தேற மாட்டீங்க. சர்ச் உங்களை இன்னொரு தடவை அனுப்பாது."

"தெரியுதுங்க டாக்டர். கெடுத்தது நானு. பாதியில உட்டுட்டு இன்னொருத்தர்கிட்டப் போனா, அப்புறம் இந்தப் படிப்பு எனக்கு எதுக்குங்க?"

பிடிவாதம்தான். அந்தப் பிடிவாதத்துக்காகவே எனக்கு அவள்மேல் மரியாதை. வாராவாரம் அதே நேரத்துக்குப் போய் அறையைத் திறந்து, தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்து, காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். காப்பிப் பழம் பறித்து முடிந்தது. அறிக்கை அனுப்ப வேண்டிய நாளும் வந்து போனது. தேறவில்லை என்று கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. பழைய பள்ளி வேலையிலேயே சேர்ந்துகொண்டாள்.

அந்த வாரமும் அறைக்குப் போனாள். "இன்னும் எதுக்குங்க டீச்சர்?" என்று கேட்ட சிஸ்டரிடம் அறைச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஆடி மாதம் ஒரு நாள் பொன்னாயி தானாக வந்து உட்கார்ந்தாள். தாளைத் தொடவில்லை. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரலில், "டீச்சருங்க" என்றாள்.

தேவகுமாரி கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எம்புள்ள மூஞ்சி எனக்கு மறந்து போச்சுங்க. போட்டோ ஒண்ணும் எடுத்து வெக்கலீங்க. மண்டையில அடிபட்டதுல போச்சோ என்னமோ. அதான் மூஞ்சி போடாம உட்டேன். இப்பக் கண்ண மூடுனா, நீங்க போட்ட மூஞ்சிதான் வருதுங்க."

"நான் பண்ணுனது தப்புங்க பொன்னாயி. நொம்பப் பெரிய தப்புங்க."

"அதக் குடுங்க. அழிக்கோணும்."

அலமாரியிலிருந்து படத்தையும் ஒரு ரப்பரையும் எடுத்துக் கொடுத்தாள். பொன்னாயி தேய்த்தாள். வாய் போனது, மூக்கு போனது. அழுத்திப் போட்டிருந்த கண்கள் மட்டும் லேசில் போகவில்லை. தாள் நைந்து கிழியும்வரை தேய்த்தாள். உதவி செய்யத் துடித்த கைகளைத் தேவகுமாரி மடியிலேயே இறுக்கி வைத்துக்கொண்டாள்.

முகம் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. ரப்பர் தூளை ஊதிவிட்டு, பொன்னாயி அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மல்லிகா," என்றாள். "ஏஞ்சாமி, அம்மாளுக்கு உன்ற மூஞ்சி தெரியிலியே."

மகள் போன நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.