சாந்தி அக்காவின் வலது பாதம்

ஞாயிறு, பிற்பகல் மூன்று நாற்பது. பாரிஸில், நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு கஃபே. கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தவை முதுகுகள். மொத்தம் பதினொரு பேர்.

வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பிடில், மூன்று பான்ஜோ, மிச்சமெல்லாம் கிட்டார். மேடை இல்லை, மைக் இல்லை. உட்கார்ந்து கேட்க ஆளும் இல்லை. அப்படியானால் யாருக்காக வாசிக்கிறார்கள்?

அமெரிக்க நாட்டுப்புற இசையாம். எனக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. துணைக்குப் போனவன் நான். கூட்டிப்போனவர் சாந்தி அக்கா – யாழ்ப்பாணத்துக்காரர், கார்ஜ் என்ற புறநகரில் குடியிருக்கிறார், ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறார்; அன்று ஒரு நாள் லீவு போட்டிருந்தார். பள்ளி நாட்களிலிருந்து வயலின் வாசிப்பவர். வீட்டில் வாசித்தால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடிக்கிறார். நாலு பேரோடு சேர்ந்து வாசித்து ஆறு வருடமாயிற்று. இந்தக் கஃபே கதவில் 'எந்த வாத்தியமும் வரலாம்' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறார்.

"ஒருக்கா என்னோடை வாரும் தம்பி. சேர்த்தினம் எண்டால் இருப்பம். இல்லாட்டில் பேசாமல் திரும்பி வந்திடுவம்."

சேர்த்துக்கொண்டார்கள். பெயரைக்கூடப் பிறகுதான் கேட்டார்கள்.

பத்திரிகைப் பழக்கம் போகுமா? நோட்டை எடுத்தேன். இதற்குத் தலைவர் யார்? அப்படி யாருமில்லை. இந்த மெட்டு யார் போட்டது? தெரியாது. ஒரே மெட்டைப் பதினேழு தடவை வாசித்தார்கள், எண்ணினேன். பிறகு பதினொரு பேரும் ஒரே நொடியில் நிறுத்தினார்கள். யார் சொல்லி? கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்தேன்.

வட்டத்தில் ஆளுக்கொரு மெட்டு தொடங்க வேண்டும். அக்காவின் முறை வந்தது. மூன்று வாரம் ரயிலில் போனில் கேட்டு, ச ரி க ம-வில் எழுதி மனப்பாடம் செய்த அமெரிக்க மெட்டு. நாற்காலி வேண்டாம் என்று தரையில் அமர்ந்தார். இடது காலை மடித்து, வலது பாதத்தில் வயலினின் தலையை ஊன்றித் தொடங்கினார். இரண்டாவது சுற்றில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

பத்து சுற்று… இருபது… நிற்கவில்லை. எல்லோரும் அக்காவின் வலது பாதத்தையே பார்த்தார்கள். வயலினைக் காலில் வைத்து வாசிப்பதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வியப்பது அக்காவுக்குப் பழக்கம். இன்னும் உற்சாகமாக வாசித்தார். பான்ஜோ வாசித்த அம்மாள் தன் காலை நீட்டி நீட்டிக் காட்டினார். கால் பிடித்துக்கொண்டதோ என்று நினைத்தேன்.

இருபத்தெட்டாவது சுற்றில் அக்காவின் முகம் மாறியது. வில் நிற்காமலே கேட்டார்: "இவை ஏன் தம்பி என்ரை காலையே பாக்கினம்?"

பக்கத்தில் பிடில் வாசித்த வயதான அமெரிக்கரிடம் குனிந்து கேட்டேன். மெட்டைத் தொடங்கியவர்தான் முடிக்க வேண்டும். காலைத் தூக்கினால் அந்தச் சுற்றோடு முடிவு. வேறு யாரும் தூக்கக் கூடாது என்றார்.

விதியே இல்லை என்கிற இடங்களில்தான் விதிகள் அதிகம் – எழுதி ஒட்டுவதில்லை, அவ்வளவுதான்.

அக்காவிடம் சொன்னேன்.

"தூக்கினால் வயலின் விழுந்திடும். வேறை வழி இருக்கோ எண்டு கேளும்."

கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு சிக்கல் இதுவரை வந்ததே இல்லையாம். இன்னும் மூன்று சுற்று போயிற்று. கடைசியில் அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா தலையசைத்தார். அவர் தன் காலைத் தூக்கினார். எல்லாம் நின்றது.

அக்கா வயலினைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார். "குழப்பிப் போட்டன். வாரும், போவம்."

பான்ஜோ அம்மாள் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டார். கோபமா, சிரிப்பா… எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறு அக்காவுக்காகக் காலைத் தூக்கப்போவது யார் என்று அவர் கேட்டார். மூன்று பேர் கை உயர்த்தினார்கள்.

திங்கட்கிழமை காலை, தன் ஞாயிற்றுக்கிழமை வேலையைச் சனிக்கு மாற்றித் தரும்படி அக்கா ஹோட்டல் மேற்பார்வையாளரிடம் கடிதம் கொடுத்தார்.